ரப்பர் சூட் ஆக்‌ஷன் ஃபிகர்களை வடசென்னை வீட்டில் பாதுகாப்பது எப்படி: புதிதாகச் சேகரிப்பவர்களுக்கு

2019ஆம் ஆண்டு போகிக்கு இரண்டு நாள் முன்பு, தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு பீரோவின் மேலே இருந்த ஒரு பெட்டியை இறக்கினேன். அதற்குள் இருந்தது முப்பது சென்டிமீட்டர் உயரத்தில், உடலோடு ஒட்டிய கறுப்பு சூட் அணிந்த மூட்டுகளை மடக்கி நிறுத்தக்கூடிய 1/6 அளவு (மனித உயரத்தில் ஆறில் ஒரு பங்கு) ஆக்‌ஷன் ஃபிகர். வாங்கி ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. மதிப்பு குறைந்துவிடக் கூடாது என்று எண்ணி ஒருமுறைகூட அதை வெளியே எடுத்ததில்லை. தட்டிலிருந்து தூக்கியபோது, வலது முழங்கையின் உட்புறத்தில் என் கட்டைவிரல் பட்ட இடம் அப்படியே உரிந்து வந்தது. விரல் நுனியில் கடுகளவு கறுப்புச் செதில்கள் ஒட்டியிருந்தன. அவை உதிர்ந்த இடத்தில் சாம்பல் நிறப் பின்னல் துணி தெரிந்தது. அக்குளிலும் தொடை மடிப்பிலும் அதே நிலைதான். மடிப்பு விழாத நெஞ்சுப் பகுதி மட்டும் புதிதாகவே இருந்தது.

இத்துறைக்குள் புதிதாக வருபவர்கள் முதலில் மனத்தில் பதிய வைக்க வேண்டியது இதைத்தான்: ரப்பர் சூட்டின் வயது அது தொழிற்சாலையில் வார்க்கப்பட்ட நாளிலிருந்து கணக்கிடப்படுகிறது. பெட்டியைத் திறக்காமல் வைத்திருப்பது அந்தக் கணக்கை நிறுத்தி வைக்காது. சொல்லப்போனால், கை கால்கள் மடங்கிய நிலையில், காற்றோட்டம் இல்லாமல், நம் பார்வையே படாமல் இருப்பதால் சேதம் கூடுகிறது. திறந்து, பார்த்து, சரியாக நிறுத்தி வைப்பதுதான் பாதுகாப்பு. கீழே சொல்லப்படும் படிகள் எல்லாம் அதை நம் ஊரின் வெயிலிலும் ஈரக்காற்றிலும் எப்படிச் செய்வது என்பதைப் பற்றியவை.

முதல் படி: உங்கள் ‘ரப்பர்’ எது என்று அறிந்துகொள்ளுங்கள்

விற்பவர்கள் எல்லாவற்றையும் ரப்பர் சூட் என்றே சொல்வார்கள். உண்மையில் அந்தச் சொல்லுக்குள் குறைந்தது நான்கு வெவ்வேறு பொருள்கள் அடங்கியிருக்கின்றன, ஒவ்வொன்றும் கெடும் விதமும் வேறு. பொருளை அறியாமல் பராமரிப்பு செய்வது, நோய் தெரியாமல் மருந்து கொடுப்பதற்குச் சமம்.

முதலாவது இயற்கை ரப்பர், அதாவது லேடக்ஸ். வடசென்னைக்காரர்களுக்கு இது அந்நியப் பொருளே அல்ல. இன்று டயருக்குப் பெயர்பெற்ற எம்.ஆர்.எஃப். நிறுவனம் 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்யும் சிறு தொழிலாகத்தான் தொடங்கியது. ஒரு பலூனை ஊதிக் கட்டி வெயிலில் தொங்கவிட்டால் அதன் பளபளப்பு மங்கி, மேற்பரப்பு வெளுத்து, வெடிப்பு விடுவதைப் பார்த்திருப்பீர்கள். லேடக்ஸ் சூட்டுக்கும் அதுவே நடக்கிறது, மெதுவாக. இயற்கை ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் உண்டு. காற்றில் மிகச் சிறிய அளவில் இருக்கும் ஓசோன் அந்தப் பிணைப்புகளை அறுக்கிறது. ரப்பர் இழுபட்ட நிலையில் இருந்தால் மட்டுமே இது வெடிப்பாக வெளிப்படும்; வெடிப்பும் இழுவிசைக்குக் குறுக்காகவே விழும். வாகனப் புகையும் வெயிலும் சேரும் நகரங்களில் தரைமட்ட ஓசோன் உருவாகிறது என்பதால், நம்மைப் போன்ற நகரவாசிகள் சற்றுக் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். டயர்களில் இதைத் தடுக்க மெழுகும் ஓசோன் எதிர்ப்புப் பொருள்களும் சேர்க்கிறார்கள். அப்பொருள்களில் ஆற்றல் மிக்கவை பழுப்புக் கறை விடுபவை என்பதால், வண்ண உடைகளில் அவற்றைச் சேர்க்க முடிவதில்லை.

இரண்டாவது பாலியூரிதேன் பூசிய துணி. என் பெட்டியில் உரிந்தது இதுதான். நாம் ரெக்சின் என்று பொதுவாகச் சொல்லும் கைப்பையும் சோபா உறையும் சில ஆண்டுகளில் செதில் செதிலாக உதிர்வதும், அலமாரியில் போடாமலே கிடந்த ஷூவின் அடிப்பகுதி ஒருநாள் காலையில் தூளாகப் போவதும் பெரும்பாலும் இதே காரணத்தால்தான். பாலியெஸ்டர் வகைப் பாலியூரிதேன் காற்றிலுள்ள ஈரத்தோடு வினைபுரிந்து சங்கிலி அறுகிறது. அப்போது உண்டாகும் அமிலம் மேலும் அறுபடுவதை விரைவுபடுத்துகிறது. ஆகவே சேதம் பல ஆண்டுகள் கண்ணுக்குத் தெரியாமல் இருந்து, தெரிய ஆரம்பித்த பிறகு மிக வேகமாகப் பரவும். கடற்கரை நகரமான நமக்கு இதுவே முதல் எதிரி.

மூன்றாவது மென்மையான பி.வி.சி. இயல்பில் விறைப்பான பி.வி.சி.யை வளையவைக்க எண்ணெய் போன்ற மென்மையூட்டிகளைக் கலக்கிறார்கள். காலப்போக்கில் அவை மேற்பரப்புக்குக் கசிந்து பிசுபிசுப்பாகின்றன, தூசி ஒட்டுகிறது, அருகில் தொடும் மற்ற பிளாஸ்டிக் பாகங்களும் இளகி அச்சு விழுகின்றன. மென்மையூட்டி போகப்போக உடை சுருங்கி விறைக்கிறது.

நான்காவது சிலிக்கோன். உள்ளே எஃகு எலும்புக்கூடும் மேலே ஒரே வார்ப்பான தோலும் கொண்ட உடல்களும் இதில் செய்யப்படுகின்றன. ஓசோனுக்கும் ஈரத்துக்கும் வெயிலுக்கும் இது மற்ற மூன்றையும்விட நன்றாகத் தாக்குப்பிடிக்கும். ஆனால் ஒரு நகக்கீறல் விழுந்துவிட்டால், அந்தக் கீறலின் முனையிலிருந்தே கிழிசல் ஓடும். அடர்நிறத் துணியின் சாயமும் அதில் ஏறிக்கொள்ளும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? கழுத்துப்பட்டை அல்லது மணிக்கட்டு ஓரத்தை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். அடியில் பின்னல் துணி தெரிந்து, மேலே மெல்லிய பூச்சு இருந்தால் பாலியூரிதேன் அல்லது பி.வி.சி. பூச்சு. துணியே இல்லாமல், பலூன் வாசனையோடு, இழுத்தால் நீண்டு சட்டென்று திரும்பினால் லேடக்ஸ். வாசனையே இல்லாமல், தொட்டால் கொஞ்சம் வறண்ட வழுக்கலோடு, தூசியை ஈர்த்துக்கொண்டே இருந்தால் சிலிக்கோன். புது ஷவர் திரை போன்ற காரநெடி அடித்தால் பி.வி.சி. தீயில் காட்டிப் பார்க்கும் சோதனையை யாரும் செய்ய வேண்டாம், பி.வி.சி. எரியும் புகை நச்சு.

இரண்டாம் படி: வாங்குவதற்கு முன்

பர்மா பஜாரில் வாங்கினாலும், வேறொரு சேகரிப்பாளரிடமிருந்து வாங்கினாலும், முகத்தின் வண்ணப்பூச்சைப் பார்த்து மயங்காமல், ஐந்து இடங்களை மட்டும் நெருக்கமாகப் பார்க்கக் கேளுங்கள்: முழங்கையின் உட்புறம், முழங்காலின் பின்புறம், அக்குள், தொடை மடிப்பு, கழுத்து ஓரம். தொலைவிலிருந்து வாங்குபவராக இருந்தால், பகல் வெளிச்சத்தில் எடுத்த படங்களைக் கேட்டு வாங்குங்கள். தயாரிப்பு ஆண்டைக் கேளுங்கள். ‘சீல் பிரிக்கவில்லை’ என்பதை ஒரு தகுதியாகச் சொன்னால், எத்தனை ஆண்டுகளாகப் பிரிக்கவில்லை என்று திருப்பிக் கேட்பது உங்கள் உரிமை. பாலியூரிதேன் சூட் அணிந்து, பத்தாண்டு பழையதாய், பிரிக்காமலே இருக்கும் பெட்டிக்கு நான் முழு விலை கொடுக்க மாட்டேன்.

மாற்று சூட் தனியாகக் கிடைக்குமா என்பதையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். ரப்பர் பாகம் மூப்படைவது இத்துறையில் எப்போதும் இருந்துவந்த செய்தியே. 1976இல் அமெரிக்காவில் வெளிவந்த ஸ்ட்ரெச் ஆம்ஸ்ட்ராங் பொம்மைக்கு லேடக்ஸ் தோலும் உள்ளே சோளப்பாகும் இருந்தன. தோல் வெடித்துப் பாகு வெளியேறியவை ஏராளம். 1982இல் வந்த சிறிய ஜி.ஐ. ஜோ பொம்மைகளில் இடுப்பையும் கால்களையும் சேர்த்துப் பிடித்திருந்தது ஒரு ரப்பர் வளையம். அது அறுந்தால் பொம்மை இரண்டாகிவிடும். ஆனால் வளையத்தை மாற்றினால் பொம்மை மீண்டும் எழுந்து நிற்கும். மாற்றத்தக்க பாகமாக சூட் இருக்கிறதா, உடலோடு ஒட்டப்பட்டிருக்கிறதா என்பதே அதன் எதிர்காலத்தைத் தீர்மானிக்கிறது.

மூன்றாம் படி: வீட்டுக்கு வந்த அன்று

பெட்டியைப் பிரியுங்கள். உடையைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் தாள்கள், முறுக்குக் கம்பிகள், ரப்பர் பேண்டுகள் அனைத்தையும் எடுத்துவிடுங்கள். அவை அழுத்தும் இடத்தில் நிரந்தரத் தடம் விழும். இடைவெளி நிரப்ப நாளிதழைச் சுருட்டி வைக்காதீர்கள், அச்சுமை சிலிக்கோனிலும் பி.வி.சி.யிலும் ஏறிவிடும். அமிலமற்ற வெள்ளை டிஷ்யூ தாள் போதும். சூட்டின் மேல் பித்தளை அல்லது செம்பு ஆபரணம் இருந்தால், லேடக்ஸோடு அது நேரடியாகத் தொடாதபடி நடுவில் தாள் வையுங்கள். செம்பு இயற்கை ரப்பரின் சிதைவைத் தூண்டும். பிறகு ஐந்து மடிப்பிடங்களையும் படம் எடுத்து, தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். ஓராண்டு கழித்து ஒப்பிட இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

நான்காம் படி: வீட்டில் எந்த இடம்

இங்குதான் நம் பகுதியின் தனித்தன்மையைக் கணக்கில் எடுக்க வேண்டும். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் தரும் அறிவுரைகள் பெரும்பாலும் குளிர்நாட்டு வீட்டை மனத்தில் வைத்துச் சொல்லப்படுபவை. காசிமேட்டிலோ ராயபுரத்திலோ சன்னலைத் திறந்தால் வருவது உப்பும் ஈரமும் கலந்த காற்று. கத்திரி வெயிலில் மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை இரவு பத்து மணிக்கும் தணியாது. வெப்பநிலை பத்து டிகிரி ஏறினால் இத்தகைய வேதிவினைகளின் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்பது பொது விதி. அதன்படி பார்த்தால், மேற்கு வெயில் அடிக்கும் சுவரை ஒட்டிய இரும்பு பீரோவின் மேல்தட்டுதான் வீட்டிலேயே மோசமான இடம்; நான் என் பெட்டியை ஏழு ஆண்டுகள் வைத்திருந்ததும் அங்கேதான்.

கீழ்த்தளத்தில் அல்லது நடுத்தளத்தில், வெளிச்சுவரைத் தொடாத ஒரு கண்ணாடி ஷோகேஸைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி போன்ற தாழ்வான பகுதிகளில் தரைத்தளத்தில் வைப்பவர்கள், இடுப்பு உயரத்துக்கு மேலான தட்டையே பயன்படுத்த வேண்டும். உள்ளே டிஜிட்டல் ஈரமானி ஒன்றை வையுங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். சுமார் 45 முதல் 55 விழுக்காடு ஈரம் நமது இலக்கு. சிலிக்கா ஜெல் மணிகளில் ஆரஞ்சு நிறத்தை வாங்குங்கள். ஈரம் உறிஞ்சி நிறைந்ததும் பச்சையாக மாறும். நீல நிற மணிகளில் கோபால்ட் சேர்மம் இருப்பதால் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு அவை வேண்டாம். நிறம் மாறியவற்றைச் சமையலுக்குப் பயன்படுத்தாத தட்டில் பரப்பி, ஓவனில் 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் காயவைத்தால் திரும்பவும் பயன்படும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் எனக்கு இது வாரம் ஒருமுறை வேலையாகிவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு மின்சாரம் இல்லாத நாள்களில், ஏசியை நம்பி வைத்திருந்த பொம்மைகளைவிட, கதவு இறுக மூடும் ஷோகேஸில் ஜெல்லோடு இருந்தவை நிம்மதியாக இருந்தன.

பாச்சை உருண்டை மட்டும் கூடவே கூடாது. துணி பீரோவில் போடும் பழக்கத்தில் பொம்மை அலமாரியிலும் போட்டுவிடுகிறோம். நாஃப்தலின் ஆவி பல பிளாஸ்டிக்குகளை இளக்கும். கற்பூரமும் அவ்வாறே. பூஜையறைக்கும் கொசுவத்திக்கும் அருகில் வைக்காதீர்கள், எண்ணெய்ப் புகை படியும். ஓசோன் வெளியிடும் காற்றுச் சுத்திகரிப்பான் இருக்கும் அறையில் லேடக்ஸ் சூட் இருக்கக் கூடாது.

ஐந்தாம் படி: நிற்கும் நிலை

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் நான் வண்டிக்குக் காற்றடிக்கும் பஞ்சர் கடையில், பழைய ட்யூப் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அண்ணன் ஒருநாள் சொன்னார்: “ட்யூப மடிச்சு வெச்சன்னு வையி தம்பி, மடிப்புலதான் மொதல்ல வுடும். பவுடர் போட்டு, லூசா மாட்டி வெக்கணும்.” நூல்கள் பல பக்கங்களில் விளக்குவதை அவர் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

ஆகவே சண்டையிடும் நிலையில், முழங்கை மடக்கி, ஒரு காலை முன்னே வைத்து நிறுத்தும் ஆசையை, படம் எடுக்கும் ஒரு மணி நேரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாள்களில் கைகள் உடலிலிருந்து சற்று விலகி, நேராகத் தொங்கட்டும். கால்கள் நேராக நிற்கட்டும். அக்குளில் தோலும் தோலும் ஒட்டாமலிருக்க டிஷ்யூ தாளை ஒரு சுருளாக வையுங்கள். லேடக்ஸ் சூட்டைக் கழற்ற முடியுமென்றால், கழற்றித் தாள் திணித்துத் தனியே வைப்பதே சிறந்தது. இழுபடாத ரப்பரில் ஓசோன் வெடிப்பு விழாது.

ஆறாம் படி: உடையைக் கழற்றுவதும் மாட்டுவதும்

அவசரப்படுபவர்கள் சூட்டைக் கிழிப்பது இந்த நேரத்தில்தான். கைகளை நன்றாகக் கழுவி, நகம் வெட்டி, மோதிரத்தைக் கழற்றுங்கள். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்த கையோடு தொடாதீர்கள். கொழுப்பும் எண்ணெயும் இயற்கை ரப்பருக்குள் ஊறி உப்பவைத்துப் பலவீனப்படுத்தும். பொம்மையின் உள்ளங்கைப் பாகங்களையும் பாதங்களையும் முதலில் கழற்றுங்கள். அவை செருகப்படும் மணிக்கட்டு முளைகள் கூராக இருந்தால் மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள். உள்ளே மணமில்லாத டால்க் தூவுங்கள். பஞ்சர் கடைகளில் ட்யூபுக்குப் போடும் பிரெஞ்சு சாக் அதே டால்க்தான். சோள மாவைச் சிலர் பரிந்துரைப்பார்கள். நம் ஈரத்தில் அதில் பூஞ்சையும் பூச்சியும் வரும் என்பதால் நான் தவிர்க்கிறேன். கேரம் போர்டு பவுடர் வீட்டில் இருக்கிறது என்று அதை எடுத்துவிடாதீர்கள், அது வேறு பொருள்.

பிறகு ஓரத்தைப் பிடித்து இழுக்காமல், பெண்கள் கண்ணாடி வளையலை மேலேற்றுவது போல, இரண்டு கட்டைவிரல்களின் சதைப்பகுதியால் சிறிது சிறிதாகத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். முழங்கை வரும்போது பொம்மையின் கையை நேராக்குங்கள். எங்கேனும் தடுத்தால் நிறுத்தி, மீண்டும் டால்க் தூவுங்கள். ஒரு முழு சூட்டைக் கழற்ற எனக்கு நாற்பது நிமிடம் ஆகிறது.

துடைப்பதும், மேலே படியும் வெண்மையும்

சிலிக்கோனையும் பி.வி.சி.யையும் மிதமான சோப்புநீரில் நனைத்த மென்துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தலாம். பாலியூரிதேனுக்கு உலர்ந்த மென்தூரிகை போதும். ஈரத்துக்கு அஞ்சும் பொருளைக் கழுவுவதில் பொருளில்லை. தின்னர், பெட்ரோல், ஸ்பிரிட், வாசலின், கார் டேஷ்போர்டு பாலிஷ் ஆகிய எதையும் எந்தச் சூட்டிலும் தடவாதீர்கள். பளபளப்பு அன்றைக்கு வரும், பின்னர் பூச்சோடு சேர்ந்து போகும்.

மேற்பரப்பில் வெண்மை தெரிந்தால் உடனே பூஞ்சை என்று முடிவு செய்துவிடாதீர்கள். பஞ்சுபோல் மயிர்மயிராக, முடைநாற்றத்தோடு, திட்டுத்திட்டாக இருந்தால் பூஞ்சை. சீரான மெல்லிய படலமாக இருந்தால், லேடக்ஸில் அது உள்ளிருந்து எழும் மெழுகோ கந்தகமோ ஆக இருக்கலாம், அது ஆபத்தில்லை. பாலியூரிதேனில் நுண்ணிய படிகங்களாக மின்னினால், சங்கிலி அறுந்து வெளிவந்த அமிலம் அது. அந்தச் சூட்டை மற்றவற்றிலிருந்து அன்றே பிரித்து வையுங்கள்.

பழுது பார்ப்பது பற்றி

சிலிக்கோன் கிழிசலுக்குச் சிலிக்கோன் பசை மட்டுமே ஒட்டும். வினிகர் வாசனை அடிக்கும் வகையைத் தவிர்த்து, நடுநிலை வகையைக் கேட்டு வாங்குங்கள், ஏனெனில் அந்த அமில ஆவி உள்ளேயுள்ள எஃகு மூட்டுகளை அரிக்கும். லேடக்ஸில் சிறு கிழிசலென்றால், உட்புறமாக மெல்லிய லேடக்ஸ் துண்டு வைத்து, ரப்பர் பசையை மிகக் குறைவாகத் தடவி, உலரவிட்டு ஒட்டலாம். பசை கூடினால் அதன் கரைப்பான் மெல்லிய தோலைச் சுருட்டிவிடும். சில நொடிகளில் ஒட்டும் சூப்பர் குளூ வகைகள் கண்ணாடிபோல் இறுகி, ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே புதிய கிழிசலை உண்டாக்கும்.

செதில் உதிரத் தொடங்கிய பாலியூரிதேனுக்கு மருந்து இல்லை. கறுப்பு மார்க்கரும் துணிப் பெயின்ட்டும் சில மாதங்களுக்கு மறைக்கும், அவ்வளவே. என்னுடைய அந்தப் பொம்மைக்கு ஓராண்டு தேடி மாற்று சூட் வாங்கினேன். பழைய சூட்டை வெட்டிக் கழற்றியபோது, உடலின் பிளாஸ்டிக்கில் சாயம் ஏறியிருந்ததைத் தவிர, மூட்டுகள் எல்லாம் உறுதியாகவே இருந்தன. புது சூட்டுக்குள் மெல்லிய வெள்ளைப் பருத்தி உள்ளாடை ஒன்றைத் தைத்துப் போட்டிருக்கிறேன். மாட்டிய தேதி 2020 பிப்ரவரி 9. அன்று எடுத்த ஐந்து படங்களை ஒவ்வொரு பொங்கலுக்கும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். இந்த ஆண்டு இடது முழங்காலின் பின்புறத்தில் மட்டும் பளபளப்பு சற்று மங்கியிருக்கிறது, அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த இடத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.